வாகன நிறுத்த அபராதம்: எதிர்த்து முறையிடுவது எப்படி?

பெங்களூரு: மெட்ரோ மஞ்சள் வழித்தடத்தின் கடைசி நிலையமான பொம்மசந்திரா அருகே சாலையோரம் வாகனத்தை நிறுத்திச் செல்வோருக்கு அபராத ரசீது வரக்கூடும். அது தவறானது எனக் கருதினால் முறையிட வழியுண்டு.

வாகன நிறுத்த விதிமீறல், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகிறது. அச்சட்டத்தின் 200-ஆவது பிரிவின்படி அபராதத்தைச் செலுத்தியதும் வழக்கு முடிந்துவிடும். எனவே, பணம் செலுத்துமுன் முடிவெடுப்பது அவசியம்.

முதலில் ரசீதிலுள்ள வாகன எண், இடம், நேரம், புகைப்படம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தடை அறிவிப்புப் பலகை இல்லையெனில் அவ்விடத்தை உடனே படமெடுத்து வைக்கலாம். கண்காணிப்பு கேமராவில் பதிவான விதிமீறலுக்கு 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்பது 2021-இல் சேர்க்கப்பட்ட விதி.

ஆதாரங்களுடன் போக்குவரத்துக் காவல் துறையிடம் முறையிடலாம்; தீர்வு கிடைக்காவிடில் நீதிமன்றத்தை அணுகலாம். இங்கிலாந்தில், உள்ளாட்சி மன்றம் முறையீட்டை நிராகரித்தால், சார்பற்ற தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம். இங்கு அப்பணி நீதிமன்றத்தினுடையது.

கர்நாடக அரசு நிலுவை அபராதங்களுக்கு 2023 பிப்ரவரியில் 50 சதவீதச் சலுகை அளித்தது. இத்தகைய சலுகைத் தொகையைச் செலுத்தினாலும் வழக்கு முடிவுக்கு வந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.