எடை குறைந்தும் இடுப்பளவு குறையாதது ஏன்?

ரமளான் முதல் வாரத்திலேயே பலருக்கு ஒன்றிரண்டு கிலோ குறைந்துவிடும். ஆனால் பெல்ட் பழைய துளையிலேயே நிற்கும். காரணம், நோன்பில் உடல் முதலில் செலவிடுவது கல்லீரலிலும் தசையிலும் சேமித்துள்ள கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தை. அதில் ஒரு கிராம் கரைந்தால் சுமார் 3 கிராம் நீரும் சேர்ந்து வெளியேறும். குறைந்தது பெரும்பாலும் நீர்தான். பெருநாள் பிரியாணியோடு அது திரும்பிவிடும்.

புரதமும் நடையும் குறைந்தால் தசையும் கரையும். அப்போதும் எடை இறங்கும், தொப்பை இருக்கும். நமக்கு ஆபத்து அங்கேதான். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே இடுப்பளவின் எல்லை. மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இஃப்தாரில் வடை, சமோசாவைக் குறைத்து, ஸஹரில் முட்டை, பயறு சேர்க்கலாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய அளவு.

முயற்சியே இல்லாமல் எடை குறைந்தால் மகிழ வேண்டாம். சர்க்கரை நோய், காசநோய், தைராய்டு கோளாறு காரணமாக இருக்கலாம். திருத்தணி சகோதரர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையிலும், மற்றவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாமதிக்காமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.