கயாமண்டியின் மிதிவண்டிகள்

மிதிவண்டி ஓட்டங்களின் வழி நிதி திரட்டுவது உலகெங்கும் காணும் வழக்கமே. பெரும்பாலும் ஒரு காசோலை, ஒரு நிழற்படம், அத்துடன் முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் நகரில் அது அவ்வாறு முடியவில்லை. அந்த வரலாற்றைப் படித்தது முதல் ஆசிரியன் என்ற முறையில் என் மனம் அதனையே சுற்றி வருகிறது.

1679-இல் டச்சுக்காரர்கள் நிறுவிய ஊர் ஸ்டெல்லன்போஷ். திராட்சைத் தோட்டங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பெயர்பெற்றது. அதன் ஓரத்திலேயே கயாமண்டி என்னும் குடியிருப்பு உள்ளது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்களை ஊருக்குப் புறம்பே ஒதுக்கி வைப்பதற்காக இன ஒதுக்கல் ஆட்சிக் காலத்தில் வளர்ந்த இடம் அது. கோசா மொழியில் கயாமண்டி என்றால் 'இனிய இல்லம்' என்று பொருளாம்! தோட்டப்புற வரிசை வீடுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அப்பெயரின் கசப்பு எளிதில் விளங்கும்.

2004-இல் கெவின் வெர்மாக் என்பவர் கேப் எபிக் என்னும் மலைமிதிவண்டிப் போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டில் கடலோர நகரான நைஸ்னாவில் புறப்பட்டு ஸ்டெல்லன்போஷ் அருகே நிறைவுற்றது. எட்டு நாள் ஓட்டம். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் எவரெஸ்டின் உயரத்தையும் விஞ்சும். இருவர் இருவராகவே கலந்துகொள்ள வேண்டும். வழியில் இருவருக்குமிடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் தண்டனை நேரம் கூட்டப்படும். வலியவன் தனியே பறந்துவிட முடியாது. மெலியவனுக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். (இவ்விதியை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் எப்படியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு.)

ஆனால், இது வசதி படைத்தோரின் விளையாட்டு என்பதை மறைப்பதற்கில்லை. போட்டிக்கு ஏற்ற வண்டி ஒன்றின் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல மாத ஊதியம். தங்கள் வீட்டைச் சூழ்ந்த மலைகளிலேயே உலக வீரர்கள் பயிற்சி செய்தபோதும், கயாமண்டிச் சிறுவர்களுக்கு அந்தப் பாதைகள் அந்நியமாகவே இருந்தன.

அவ்வாறு பயிற்சிக்கு வந்தவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்தின் கிறிஸ்டோஃப் சவுசர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். 2008-இல் உலக வெற்றியாளரானவர். ஐரோப்பாவின் பனிக்காலத்தை ஸ்டெல்லன்போஷில் கழிப்பது அவர் வழக்கம். கயாமண்டியைச் சேர்ந்த சோங்கோ ஃபிபாசா அங்கு அவருக்கு நண்பரானார். 2008-இல் இருவரும் இணைந்து ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கி, அதற்குச் சோங்கோவின் பெயரையே சூட்டினர். கொடுத்தவர் பெயரைத் தாங்கும் அறக்கொடைகளையே பார்த்துப் பழகிய எனக்கு இது வியப்பளித்தது. சிறுவர்களுக்கு வண்டியும் பயிற்சியும் கிடைத்தன. குடியிருப்பிலேயே சிறுசக்கர வண்டிகளுக்கான பந்தயத் தடம் எழுந்தது. அதோடு நில்லாமல் பள்ளிப் பாடங்களிலும் துணை நின்றார்கள். வண்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

நிதி திரட்டக் கேப் எபிக் களமாயிற்று. 2011, 2012 ஆகிய ஈராண்டும் சவுசர், தென்னாப்பிரிக்க இளைஞர் பர்ரி ஸ்டாண்டருடன் இணைந்து, 'சோங்கோ' என்ற சொல்லை அணியின் பெயரிலேயே தாங்கி வென்றார். அப்போட்டியின் ஆடவர் பிரிவு வெற்றியாளர் பட்டியலில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் இடம்பெற்றது 2011-இல்தான் முதன்முறை. ஒரு குடியிருப்புச் சிறுவர்களுக்கான முயற்சியின் பெயர் அவ்வாறு உலகச் செய்திகளில் ஏறியது.

ஸ்டாண்டர் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்றவர். குவாசுலு நட்டாலின் தென்கடற்கரையில் வளர்ந்தவர். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் சென்ற நம் மக்கள் கரும்பு நட்ட அதே நட்டால் மாநிலந்தான்! 2013 ஜனவரி 3-ஆம் நாள், ஷெல்லி பீச் என்னுமிடத்தில் பயிற்சி முடித்துத் திரும்புகையில் வாடகைச் சிற்றுந்து ஒன்று மோதி அவர் உயிரிழந்தார். வயது 25. உலகத்தரம் வாய்ந்த வீரனுக்கே சாலையில் பாதுகாப்பில்லை என்றால், பிள்ளைகளை மிதிவண்டியில் அனுப்பும் பெற்றோரின் அச்சத்தை எவ்வாறு குறை சொல்வது?

அடுத்த போட்டிக்கு மூன்று மாதங்கூட இல்லை. இணையை இழந்த சவுசருக்குத் துணையாக இலண்டன் ஒலிம்பிக்கின் தங்க வீரர், செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி வந்தார். அணிக்குப் 'பர்ரி ஸ்டாண்டர் – சோங்கோ' என்று பெயரிட்டார்கள். 2013 மார்ச்சில், மறைந்த நண்பனின் பெயரையும் கயாமண்டித் தோழரின் பெயரையும் ஒருங்கே சுமந்த அந்த அணியே முதலிடத்தில் முடித்தது.