நிப்பா நோயும் பன்றிப் பண்ணையாளரின் பொருளிழப்பும்: மலேசியா, 1998–1999

கால்நடை நோய்களின் வரலாறு பெரும்பாலும் மாண்ட விலங்குகளின் எண்ணிக்கையைக் கொண்டே எழுதப்படுகிறது. மாட்டு வெக்கை நோய் போன்ற கொள்ளைநோய்களுக்கு இம்முறை பொருந்தும். அங்கே நோயே மந்தையை அழித்தது. 1998ஆம் ஆண்டு மலேசியாவில் தோன்றிய நிப்பா நோய் இவற்றினின்றும் வேறுபட்டது. நோயுற்ற பன்றிகளுள் மாண்டவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆயினும் நோய் அடங்கியபோது தீபகற்ப மலேசியாவின் பன்றித்தொகை 24 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 13 இலட்சமாகவும், பண்ணைகளின் எண்ணிக்கை 1,885இலிருந்து 829ஆகவும் வீழ்ந்திருந்தன. தான் கொல்லாத விலங்கின் வழியே ஒரு நோய் இத்தனை குடும்பங்களின் வாழ்வாதாரத்தைப் பறித்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருளாகும்.

நோய்க்கு முந்தைய ஆண்டின் பொருளியல் நிலையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பன்றி வளர்ப்பில் மிகப் பெரிய செலவு தீவனத்துக்கே. மலேசியப் பண்ணைகளின் தீவனத்துக்கு மூலமான மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாயின. 1997இல் ஆசிய நாணய நெருக்கடி மூண்டது. அதற்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2.50 ஆக இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.80ஐயும் கடந்து சரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசு அதனை 3.80 என நிலைப்படுத்தியது. அதே செப்டம்பர் இறுதியில்தான் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்தில், பண்ணையாட்கள் மூளைக்காய்ச்சலால் வீழத் தொடங்கினர். நோய் வந்து சேர்ந்தது ஏற்கெனவே கையிருப்புக் குறைந்த வீடுகளுக்கு என்பது தெளிவு.

தொடக்கத்தில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. நோயாளர் சிலரின் குருதியில் அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டமை அக்கருத்துக்கு வலுவூட்டியது. எனவே மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது, கொசுமருந்து புகைக்கப்பட்டது. இவ்விளக்கத்தோடு ஒத்துவராத செய்திகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ வீழ்ந்தவர் பன்றிகளை நேரடியாகக் கையாண்ட வளர்ந்த ஆடவர். கொசு எவரையும் கடிக்கும். ஆனால் அண்டையில் வாழ்ந்த, பன்றியோடு தொடர்பற்ற மலாய்க்காரரை நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். பன்றிகளும் தொலைவுக்குக் கேட்குமளவு குரைப்பது போல இருமின. பண்ணையாளர் இவற்றைக் கவனியாமல் இல்லை. ஆயினும் இருமும் பன்றி மீண்டும் தீனி தின்று எடையேறுமாயின், அது விற்பனைக்கு உரியதாகவே கணக்கில் நின்றது.

இவ்விடத்தில்தான் பொருளிழப்பும் நோய்ப்பரவலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆட்கள் இறப்பதைக் கண்ட கிந்தா வட்டாரப் பண்ணையாளர் சிலர் தம் பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றனர். மலிவாக வந்தவற்றைத் தெற்கிலிருந்த பண்ணைகள் வாங்கின. 1998 டிசம்பரில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிகாமட்டிலும், பின்னர் நாட்டின் மிகச் செறிந்த பன்றி வளர்ப்புப் பகுதியாக விளங்கிய புக்கிட் பெலண்டோக்கிலும் நோய் தோன்றியது. பன்றிகளின் இடப்பெயர்வே நோயைத் தெற்கே கொண்டு சென்றது என்பது பின்னர் ஆய்வாளரால் நிறுவப்பட்டது. இதனை விற்றவரின் பேராசையாகக் காட்டும் போக்கு உண்டு. அது முழுதும் நேர்மையான தீர்ப்பன்று. கொசுவே காரணம் என்று அறிவிக்கப்பட்ட நிலையில் பன்றியை விற்பதில் குற்றமேதும் இல்லை. விற்காமல் வைத்திருந்தாலோ நாள்தோறும் தீவனச் செலவு ஏறியது. நோயின் பெயர் தவறாக இருந்த அந்த மாதங்களே, பிற்கால இழப்பின் பெரும்பகுதிக்கு வித்திட்டன எனலாம்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுவா காவ் பிங் புதியதொரு வைரசைப் பிரித்தெடுத்தார். நோயாளி வாழ்ந்த சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பழந்தின்னி வௌவால்களே அதன் இயற்கை உறைவிடம் என்பதும், பன்றித் தொழுவத்தை ஒட்டி நின்ற பழமரங்கள் அவற்றை அங்கே ஈர்த்தன என்பதும் பிற்பாடு தெரியவந்தன. வருவாயைப் பெருக்க ஒரே நிலத்தில் மரமும் விலங்கும் வளர்த்த சிக்கனமான ஏற்பாடே நோய்க்கு வாயிலாயிற்று.

பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை, இராணுவத்தின் துணையுடன், நோய் கண்ட பகுதிகளில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அடுத்து நடந்த கண்காணிப்புச் சோதனையில் மேலும் பல பண்ணைகள் காலியாயின. மார்ச்சில் சிங்கப்பூர் மலேசியப் பன்றிகளின் இறக்குமதியை நிறுத்தியது. உள்நாட்டிலும் பன்றியிறைச்சி வாங்குவோர் அருகினர். இதனால் நோயே அணுகாத பண்ணைகளும் இழப்புக்கு உள்ளாயின.

அழிக்கப்பட்ட விலங்குகளுக்கு அரசு இழப்பீடு வழங்கியது. அது பன்றியின் உண்மை விலையை எட்டவில்லை என்பது பண்ணையாளரின் நீங்காக் குறை. தொகையைக் காட்டிலும் கணக்கிடும் முறையே இங்குக் கருதத்தக்கது. சினைப்பன்றி ஒன்று குட்டியீன ஏறத்தாழ 114 நாள் ஆகும்; அக்குட்டி விற்பனை எடையை எட்ட ஐந்தாறு மாதம் ஆகும். ஆகவே தொழுவத்தை மீண்டும் நிரப்பத் துணிந்தவர், பத்து மாத அளவு வருவாயின்றித் தீனி போட வேண்டும். பழைய தீவனக் கடன் அதன்மேல் நிற்கும். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளையும் தந்த மொழிக்கு, விலங்கு வெறும் விற்பனைப் பொருளன்று, பெருகும் முதல் என்பதை விளக்க வேண்டுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்னும் கணக்கில் அம்முதலின் பெருக்கம் இடம்பெறவில்லை.

அக்கணக்கில் அறவே இடம்பெறாதோரும் இருந்தனர். மலேசியாவில் நோயுற்ற 265 பேருள் 105 பேர் இறந்தனர். அவர்களுள் சீனர் பெரும்பான்மையினர். அவர்களுக்கு அடுத்து இந்திய வம்சாவளியினர். பண்ணையில் கூலிக்கு உழைத்தவருக்குச் சொந்தமாகப் பன்றி இல்லை. எனவே தலைக்கணக்கு இழப்பீட்டில் அவருக்குப் பங்கும் இல்லை. தொழுவம் காலியானவுடன் அவரது கூலி நின்றது. மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாறு இரப்பர்த் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுதப்பட்டு வந்துள்ளமையால், பன்றிப் பண்ணையிலும் இறைச்சிக்கூடத்திலும் உழைத்த இந்தியர் அதில் அரிதாகவே தோன்றுகின்றனர். அவர்களுள் பலரை வரலாறு சந்திப்பது மருத்துவ இதழ்களின் நோயாளர் அட்டவணையில் மட்டுமே.

நோய்க்குப் பின் பன்றி வளர்ப்பு, அதற்கென வரையறுக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஏனையோர் வேறு பயிர்த்தொழிலுக்கு மாறுமாறு ஊக்குவிக்கப்பட்டனர். புக்கிட் பெலண்டோக்கில் பன்றி வளர்ப்பு மீளவில்லை. பழைய தொழுவ நிலங்களிற் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. நட்ட செம்பனை முதற் குலை ஈன மூன்றாண்டளவு ஆகும்.