சிறுமுதலும் பெருஞ்சுமையும்: சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலின் நிதி வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழில், குறைந்த முதலீட்டில் தொடங்கத்தக்க தொழில் என்று நெடுங்காலமாகச் சுட்டப்பெற்று வருகிறது. இக்கூற்றினை அத்தொழிலின் நிதி வரலாற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. இறக்குமதித் தீர்வை, சமூகக் கடன், கலால் சலுகை, மலிவான உழைப்பு ஆகிய நான்கும் முதலுக்கு மாற்றாக நின்று தொழிலைத் தாங்கின. அவை வலுவிழந்தபோது சிறு உற்பத்தியாளரின் நிதிநிலை எவ்வாறு மாறியது என்பது இங்கு விளக்கப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: தீப்பெட்டித் தொழில், சிவகாசி, நடைமுறை மூலதனம், மகமை, கலால் வரி, உறவின்முறை

முன்னுரை

ஒரு சிறுதொழிலின் நிதியை ஆராய்வோர் பெரும்பாலும் தொடக்க முதலீட்டையே முதலில் கணக்கிடுவர். கையால் தீப்பெட்டி செய்யும் தொழிலில் அத்தொகை சிறியது. கொட்டகையும் குச்சி அடுக்கும் கட்டைகளும் மருந்து முக்குவதற்கான சில கருவிகளும் போதுமானவை. ஆயினும் தொழிலின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த நிலை மூலதனம் அன்று. மூலப்பொருள் வாங்கிய நாளுக்கும் விற்ற சரக்கின் பணம் திரும்பும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கடத்தும் நடைமுறை மூலதனமே அதனைத் தீர்மானிக்கிறது. அவ்விடைவெளியை யார் நிரப்பினர் என்னும் வினாவே இத்தொழிலின் நிதி வரலாற்றைத் திறக்கும் திறவுகோலாகும்.

தீர்வை தந்த தொடக்கம்

முதல் உலகப்போருக்குப் பிந்தைய வருவாய்த் தேவையை முன்னிட்டு, பிரிட்டிஷ் இந்திய அரசு 1922இல் தீப்பெட்டி இறக்குமதித் தீர்வையை ஒரு குரோசுக்கு 1 ரூபாய் 8 அணாவாக உயர்த்தியது. ஒரு குரோசு 144 பெட்டிகளைக் கொண்டது. அணாவுக்கு 12 தம்படி என்ற கணக்கில் 24 அணா 288 தம்படியாகிறது. எனவே பெட்டி ஒன்றுக்கு 2 தம்படி தீர்வை விழுந்தது. அற்ப விலைக்கு விற்ற ஒரு பொருளுக்கு இது பெருஞ்சுமையாகும். வருவாய்க்காக விதிக்கப்பட்ட இத்தீர்வை உள்நாட்டு உற்பத்திக்கு அரணாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பி, 1920களில் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்திக்கு வித்திட்டது இச்சூழலிலேயாகும். மழை குறைந்த கரிசல் நிலமும், வேளாண்மையில் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காத மக்களும் இத்தொழிலுக்கு வாய்ப்பாயினர்.

ஆனால் அதே அரண் அந்நிய முதலையும் உள்ளே அழைத்தது. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் இறக்குமதியை விடுத்து, 1923இல் விம்கோ என்னும் நிறுவனத்தை இந்தியாவிலேயே தோற்றுவித்தது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா, சென்னை முதலிய இடங்களில் அதன் இயந்திர ஆலைகள் இயங்கின. வெளிநாட்டுச் சரக்கிலிருந்து தப்பிய சிறு உற்பத்தியாளர், உள்நாட்டிலேயே பெருமுதலை எதிர்கொள்ள நேர்ந்தது. தீர்வை மட்டும் அவர்களைக் காத்தது என்று கொண்டால், விம்கோவிற்கு எதிரே அவர்கள் நிலைத்ததை விளக்க இயலாது.

மகமையும் வங்கியும்

இவ்விளக்கத்தின் ஒரு பகுதி சமூக நிறுவனங்களில் உள்ளது. இராமநாதபுரம் பகுதி நாடார் வணிகர்கள் பேட்டைகளில் கைமாறிய சரக்கின் மீது ‘மகமை’ என்னும் தொகையைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். உறவின்முறை அதனைத் தண்டி, பொதுச் செலவுகளுக்கும் பள்ளிகளுக்கும் பயன்படுத்தியது. 1969இல் வெளியான ராபர்ட் ஹார்ட்கிரேவின் நாடார் சமூகம் குறித்த ஆய்வு இவ்வமைப்பை விரிவாக எடுத்துரைக்கிறது. நிதி வரலாற்று நோக்கில் மகமையின் சிறப்பு, திரண்ட தொகையில் மட்டும் அடங்குவதன்று. ஒருவரின் வணிக அளவையும் நாணயத்தையும் அனைவரும் அறியச் செய்த ஏற்பாடாகவும் அதனைக் கருதலாம். ஈடு வைக்க நிலமில்லாதவர்க்கும் அந்த அறிமுகமே ஈடாயிற்று.

இந்நம்பிக்கை முறைசார் வடிவமும் பெற்றது. 1910இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கத்தின் முயற்சிகளைத் தொடர்ந்து, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பெற்றது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்றது. தீப்பெட்டித் தொழில் வேர்கொள்வதற்குச் சற்று முன்னரே வணிகச் சமூகம் ஒன்று தனக்கென வங்கியை உருவாக்கிக்கொண்டமை குறிப்பிடத்தக்கது. எனினும் இவ்வமைப்பின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். உறவின்முறைக்குள் இருந்தோர்க்கு எளிதாகக் கிட்டிய கடன், அதற்கு வெளியே நின்றோர்க்கு அவ்வாறு கிட்டவில்லை. ‘எவரும் தொடங்கத்தக்க தொழில்’ என்னும் கூற்று இவ்விடத்தில் முதல் திருத்தத்தைப் பெறுகிறது.

கலால்: சுமையும் சலுகையும்

1934ஆம் ஆண்டின் தீப்பெட்டிக் கலால் வரிச் சட்டம் தொழிலின் நிதியமைப்பை மாற்றியது. வரி செலுத்தியதற்கு அடையாளமான பட்டைச்சீட்டு ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஒட்டப்பெற்றது. சரக்கு விற்றுப் பணம் வருமுன்னரே வரிக்கான தொகை முடங்கியது. கருவிகளுக்குச் சிறுதொகை போதுமானதாக இருந்த தொழிலில், வரிக்கெனப் பெருந்தொகையைப் புரட்ட வேண்டியதாயிற்று. பட்டைச்சீட்டுக்குப் பணமில்லாத சிறு உற்பத்தியாளர் பெரியவரைச் சார்ந்து நிற்கும் நிலைக்கு இது வழிகோலியது.

விடுதலைக்குப் பின்னர் உற்பத்தி அளவையும் இயந்திரப் பயன்பாட்டையும் கொண்டு ஆலைகள் வகைப்படுத்தப்பெற்று, சிறியவற்றுக்குக் குறைந்த வரி விகிதம் அளிக்கப்பெற்றது. இவ்வேறுபாடே விம்கோ போன்ற இயந்திர ஆலைகளோடு கையுற்பத்தி போட்டியிடப் பெருந்துணையாயிற்று. ஆனால் சலுகை அளவோடு பிணைக்கப்பெற்றதால், வளர்வதே நட்டமாக மாறியது. வரம்பைத் தாண்டினால் முழு உற்பத்திக்கும் உயர்ந்த வரி விழும் என்ற நிலையில், தொழில் முனைவோர் ஓர் ஆலையைப் பெருக்குவதைத் தவிர்த்து, உறவினர் பெயர்களில் பல சிற்றாலைகளை நிறுவினர். சிவகாசி வட்டாரத்தில் எண்ணிறந்த சிற்றாலைகள் தோன்றியமையை முனைவுத்திறனின் சான்றாக மட்டும் கொள்வது பொருந்தாது. அது வரிவிகிதம் வரைந்த வடிவமுமாகும்.

கணக்கில் வராத முதல்

கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், குச்சி அடைத்தல் ஆகிய பணிகள் எண்ணிக்கைக் கூலியில் நடைபெற்றன. பெட்டி ஒட்டுதல் வீடுகளுக்கே சென்றது. இதனால் ஆலைக் கட்டடத்திற்கான செலவும், வேலையில்லாத நாள்களுக்கான கூலியும் உரிமையாளரின் கணக்கிலிருந்து நீங்கின. அச்செலவைப் பெண்களும் குழந்தைகளும் தம் வீட்டிடத்தாலும் நேரத்தாலும் ஏற்றனர். இயந்திரத்திற்கு முதலிடாமலே இயந்திர ஆலையின் விலைக்கு விற்க முடிந்ததன் விளக்கம் பெரிதும் இதில்தான் அடங்கியுள்ளது.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி உற்பத்தியில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடை செய்தது. எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1996இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. குழந்தையின் உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பது தொழிலின் செலவுக் கணக்கில் பதிவாகும் நிலை அத்தீர்ப்பினால் உருவாயிற்று. அதுகாறும் ‘குறைந்த செலவு’ எனப்பட்டது செலவின்மை அன்று. வேறொருவர் மீது சாற்றப்பெற்ற செலவேயாகும்.

ஒரு ரூபாய்ப் பெட்டியின் கணக்கு

தீப்பெட்டியின் சில்லறை விலை 1995இல் 50 காசாகவும் 2007இல் 1 ரூபாயாகவும் உயர்ந்தது. அதன்பின் 14 ஆண்டுகள் மாறாதிருந்து, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாயாயிற்று. மாற்றத்திற்கு முன் 600 பெட்டிகள் கொண்ட ஒரு பண்டலை உற்பத்தியாளர் 270 முதல் 300 ரூபாய்க்கு விற்றனர். அதாவது பெட்டிக்கு 45 முதல் 50 காசு. புதிய விலையாக அவர்கள் முன்வைத்தது, வரியும் போக்குவரத்தும் நீங்கலாக, 430 முதல் 480 ரூபாய். பெட்டிக்கு ஏறத்தாழ 72 முதல் 80 காசு. சில்லறை விலை 100 விழுக்காடு உயர, உற்பத்தியாளர் விலை ஏறத்தாழ 60 விழுக்காடே உயர்ந்தது. நுகர்வோர் தரும் தொகையில் அவர்தம் பங்கு 45–50 விழுக்காட்டிலிருந்து 36–40 விழுக்காடாகக் குறைந்தது. அக்காலத்தில் சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாயாகவும், மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ரூபாயாகவும் ஏறியிருந்தன.

நாணயத்தின் அலகே விலையின் அலகாக அமைவது இத்தொழிலின் தனிச்சிக்கலாகும். ஒரு ரூபாய்ப் பெட்டியை 1 ரூபாய் 20 காசுக்கு விற்க இயலாது. மூலப்பொருள் விலை படிப்படியாக ஏற, விற்பனை விலையோ ஆண்டுகள் கடந்து ஒரே தாவலில் ஏறுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பைத் தாங்கும் வலிமை நடைமுறை மூலதனம் மிகுந்தோர்க்கே உண்டு. 2017இல் சரக்கு சேவை வரி அறிமுகமானபோது கையுற்பத்திக்கு 5 விழுக்காடும் ஏனையவற்றுக்கு 18 விழுக்காடும் விதிக்கப்பெற்றன. 2020 ஏப்ரல் முதல் இரண்டும் 12 விழுக்காடு என ஒன்றாக்கப்பெற்றமையால், கையுற்பத்திக்கு இருந்த வரி வேறுபாடும் அகன்றது. மலிவான சிகரெட் லைட்டர்களின் போட்டியைத் தடுக்க, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை செய்தது. நூறாண்டுகளுக்குப் பின் தொழில் மீண்டும் எல்லைக் காப்பையே நாடியமை கருதத்தக்கது.

முடிவுரை

தீப்பெட்டித் தொழில் சிறுமுதலாளர்க்கு ஏற்றதாக அமைந்தது அதன் இயல்பினால் அன்று. தீர்வை சந்தையைத் தந்தது. உறவின்முறை நம்பிக்கையைத் தந்தது. கலால் வேறுபாடு விலையைத் தந்தது. பெண்களும் குழந்தைகளும் எஞ்சியதைத் தந்தனர். இவற்றுள் இறுதியானது சட்டத்தாலும் அறத்தாலும் நீங்க வேண்டியதே. ஆயின் அது நீங்கிய இடத்தை வங்கிக்கடனோ நியாயமான விலைப்பங்கோ உரிய அளவில் நிரப்பவில்லை. சிறுதொழில்களின் நிதியை மதிப்பிடும் ஆய்வுகள், தொடங்குவதற்கு எவ்வளவு வேண்டும் என்பதோடு நில்லாமல், தொடங்கியோர் செலுத்தாத செலவை யார் செலுத்தினர் என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு செய்யும்போதே உரிமையாளரின் பேரேட்டோடு, பெட்டி ஒட்டிய வீடுகளின் கணக்கும் தொழில் வரலாற்றில் இடம்பெறும்.