மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் வழங்குநர் உறவுகள்

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்னும் பிரித்தானியச் சில்லறை வணிக நிறுவனம், தனக்கு ஆடை தயாரித்து வழங்கிய நிறுவனங்களுடன் 20 ஆம் நூற்றாண்டில் பேணிய நெருங்கிய தொடர்பு வணிகவியலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒன்றாகும். நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பின்னர் ஏற்பட்ட நெருக்கடிக்கும் இத்தொடர்பு காரணமாயிற்று.

தோற்றம்

1884 இல் லீட்ஸ் நகரச் சந்தையில் கடை தொடங்கிய மைக்கேல் மார்க்ஸுக்கு 5 பவுண்டு கடன் கொடுத்தவர் மொத்த வணிகரான ஐசக் டியூஹர்ஸ்ட் ஆவார். அவரிடம் காசாளராக இருந்த தாமஸ் ஸ்பென்சரே 1894 இல் மார்க்ஸின் பங்காளியானார். மார்க்ஸின் மகன் சைமன் தலைவராக இருந்த காலத்தில், 1926 இல், லெஸ்டர் நகரின் பின்னலாடை நிறுவனமான கோராவிடம் நேரடிக் கொள்முதல் தொடங்கியது. மொத்த வணிகர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர்.

செயல்முறை

இடைத்தரகருக்குச் சென்ற பங்கு மிச்சமானதால் விலையைக் குறைக்க முடிந்தது. துணியின் தரம், சாயம், தையல் ஆகியவற்றை நிறுவனமே வரையறுத்தது. 1930களில் இதற்கென ஆய்வுகூடமும் அமைத்தது. ஆடைகள் 1928 இல் பதிவு செய்யப்பட்ட செயின்ட் மைக்கேல் என்னும் சொந்த வணிகப்பெயரில் விற்கப்பட்டன. தொடர்ந்து பேரளவில் கொள்முதல் நடந்ததால் வழங்குநர்கள் துணிந்து புதிய இயந்திரங்களில் முதலிட்டனர். இதனால் இந்நிறுவனம் "தொழிற்சாலைகள் இல்லாத உற்பத்தியாளர்" என அழைக்கப்பட்டது.

நெருக்கடி

1997-98 நிதியாண்டில் வரிக்கு முந்தைய இலாபம் 100 கோடி பவுண்டைக் கடந்தது; அடுத்த ஆண்டே அது ஏறத்தாழப் பாதியானது. போட்டி நிறுவனங்கள் மலிவான வெளிநாட்டு உற்பத்திக்கு முன்னரே மாறியிருக்க, இந்நிறுவனம் உள்நாட்டு வழங்குநர்களையே பெரிதும் சார்ந்திருந்தது முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். நிர்வாகத் தவறுகளுக்கும் இதில் பங்குண்டு.

முப்பது ஆண்டுகள் ஆடை வழங்கிய வில்லியம் பெயர்ட் நிறுவனத்துடனான தொடர்பு 1999 அக்டோபரில் முறிக்கப்பட்டது. நடப்புப் பருவத்துடன் கொள்முதல் முடியும் என்று மட்டுமே அறிவிக்கப்பட்டது. பெயர்ட் வழக்குத் தொடுத்தது. ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிக் கொள்முதல் ஆணைகளே இருந்தன. நீண்டகால ஒப்பந்தம் எதுவும் எழுதப்படவில்லை. நெகிழ்வு வேண்டியே நிறுவனம் அவ்வாறு வைத்திருந்தது என்பதால், உள்ளுறை ஒப்பந்தம் இருந்ததாகக் கொள்ள முடியாது என இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001 இல் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு ஒப்பந்தச் சட்ட மாணவர்களும் படிக்கும் ஒன்றாகும்.

கொள்முதல் வெளிநாடுகளுக்கு நகர்ந்த பின்னரும் இம்முறை முற்றிலும் மறையவில்லை. இலங்கையில் மாஸ் ஹோல்டிங்ஸ் 2008 இல் துல்ஹிரியவில் திறந்த, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் உள்ளாடைத் தொழிற்சாலை, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருடன் இணைந்து உருவாக்கப்பட்டதாகும்.