சராசரி சொல்வது என்ன, மறைப்பது என்ன? சமூகவியல் மாணவருக்கு ஒரு புள்ளியியல் விளக்கம்

'சமூகவியல்தானே, கணக்கு இருக்காது' என்று நம்பிச் சேர்ந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி புள்ளியியல் பாடம்தான். ஆனால் ஒரு சின்ன கேள்வி: மலேசிய இந்தியக் குடும்பங்களின் வருமானம் எப்படி இருக்கு? பதிலுக்கு எண் வேண்டும். அந்த எண்ணை வாசிக்கத் தெரியலைன்னா, அடுத்தவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

எண் என்ன சொல்கிறது?

புள்ளிவிவரத் துறையின் 2019 ஆய்வுப்படி, நாட்டின் இடைநிலை குடும்ப வருமானம் மாதம் 5,873 ரிங்கிட். இந்தியக் குடும்பங்களுக்கு 5,981 ரிங்கிட். கொஞ்சம் கூடுதல்தான். 'அப்போ நமக்கு என்ன குறை?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?

காம்பார், கோப்பெங், தாப்பா வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த எண் நெருடும். ரப்பர் போய் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்பு நிலமாயின. வேலை போனபோது லயன் வீடும் சேர்ந்தே போனது. அப்படியென்றால் அந்த எண் பொய்யா? இல்லை. அது வேறு கேள்விக்கான பதில்.

சராசரிக்கும் இடைநிலைக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு தாமானில் ஐந்து வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 2,000, 2,200, 2,500, 2,800, 15,500 ரிங்கிட். மொத்தம் 25,000. ஐந்தால் வகுத்தால் சராசரி 5,000.

2019-இல் 4,850 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்த குடும்பங்கள் பி40. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த வரிசை பி40-க்கு மேலே போயிடுது. ஆனால் ஐந்தில் நான்கு வீடுகள் பி40-தான்! வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 2,500. அதுதான் இடைநிலை, நீங்க மீடியன் என்று படிப்பது.

அப்போ இடைநிலை போதுமா?

போதாது. பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. எவ்வளவு கீழே என்பதை அது சொல்லாது. கோலாலம்பூர் வழக்கறிஞர் குடும்பமும் பேராக் தோட்டத் தொழிலாளர் குடும்பமும் ஒரே 'இந்தியர்' கட்டத்துக்குள்தான் இருக்கின்றன. அதனால் நகரம், கிராமம், கல்வி, தொழில் என்று பிரித்துப் பார்க்கணும்.

குழுவின் எண்ணைத் தனிமனிதர் மேல் ஏற்றுவது பழைய பிழை. 1950-இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் இதை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் இருந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். ஆனால் தனித்தனி ஆளாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு ஏற்கெனவே கூடுதலாக இருந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியதுதான் காரணம்.

நீங்களே ஆய்வு செய்தால்?

காம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் இருக்கு. அங்கே படிக்கும் ஒருவர் முன்னாள் தோட்டக் குடும்பங்களை ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் கேள்வித்தாள் அனுப்பினால் வேலை சுலபம். ஆனால் பதில் தருபவர்கள் பெரும்பாலும் இளையோரும் நண்பர்களும்தான். பென்சன் இல்லாத பாட்டி அந்தக் குழுவிலேயே இருக்க மாட்டார்.

அதனால் முதலில் வீடுகளின் பட்டியல் வேண்டும். அதில் குலுக்கல் முறையில் ஒரு வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு பத்தாவது வீட்டையும் எடுக்கலாம். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாதீங்க, மறுபடியும் அதே வீட்டுக்கு வாங்க. பகலில் வேலைக்குப் போனவர்களை விட்டுவிட்டால் முடிவு சாய்ந்துவிடும்.

எத்தனை வீடு? விழுக்காட்டைக் கணிக்க 100 வீடுகள் என்றால் பிழை வரம்பு ஏறக்குறைய 10 புள்ளி கூடவோ குறையவோ இருக்கும். 400 வீடுகள் என்றால் 5 புள்ளி. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு உழைக்கணும். இந்தக் கணக்கு குலுக்கல் முறைக்குத்தான் பொருந்தும். வாட்ஸ்அப்பில் 4,000 பதில் வந்தாலும் சாய்வு சரியாகாது.

கேள்வியையும் கவனிங்க. 'உங்க வருமானம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால், வெளியூரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணம் விடுபடும். ஓவர்டைம், உதவித்தொகை எல்லாம் தனித்தனியாகக் கேட்கணும்.

அடுத்த முறை ஒரு எண்ணைப் பார்த்தால்

நாலு கேள்வி கேளுங்கள். யாரைக் கேட்டார்கள்? யார் விடுபட்டார்கள்? இது சராசரியா, இடைநிலையா? உள்ளே பிரித்துப் பார்த்தார்களா? உதவித்தொகையும் வீடமைப்புத் திட்டமும் இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான் பேசப்படுகின்றன. கணக்கெடுப்பில் விடுபட்ட குடும்பம் அந்தப் பேச்சிலும் விடுபட்டுப் போகும்.