வக்ஃபும் கட்டற்ற மென்பொருளும்

கணினியில் எந்த மென்பொருளைக் கையாள்வது என்பது விலையும் வசதியும் பற்றிய கேள்வியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் பிறர் உடைமை, பிறர் அந்தரங்கம் என்னும் இரண்டும் அதில் அடங்கியிருப்பதால், அது மார்க்கத் தீர்ப்புக்கும் உரிய விஷயமாகிறது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். மூலத்தை நிறுத்திவைத்து, விளைவை அறமாக்கும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகாது, வாரிசுகளைச் சேராது என்னும் நிபந்தனையே பிற்கால வக்ஃபுச் சட்டத்துக்கு அடித்தளமாயிற்று.

1983இல் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமையையும் சேர்த்தே வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அடுத்த ஆண்டே இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. இதன் பிரதிகளை விற்கத் தடையில்லை. ஆதலால் ஃபிக்ஹு கூறும் வக்ஃபாக இதனைக் கொள்ள இயலாது. எனினும், பொதுவில் வைத்ததை ஒருவர் வேலியிட்டுக்கொள்ளலாகாது என்னும் கருத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தமிழகத்தில் இம்முயற்சி அரசு நிறுவனத்தின் வாயிலாகவே வலுப்பெற்றது. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2006, 2007 ஆண்டுகளில், எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளமும் 2007இல் வெளிவந்தது.

கொங்கு நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், உடன் தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றன. அவ்வமயமே தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்குரிய தரக் குறியேற்றமாக ஏற்றது. அதற்கு முன் எழுத்துருக்கள் பல வெவ்வேறு குறியேற்றங்களைக் கொண்டிருந்தமையால், ஓரிடத்தில் அச்சிட்ட கோப்பு வேறிடத்தில் புரியாத குறிகளாயிற்று. தமிழும் அரபியும் ஒரே பக்கத்தில் கலந்தெழுதும் நமக்கு யூனிகோடு பேருதவியாகும். புலாக் அச்சகத்தின் நஸ்கு எழுத்தைப் பின்பற்றி எகிப்தின் காலித் ஹுஸ்னி வடித்த அமீரி எழுத்துருவும் கட்டற்ற உரிமத்திலேயே கிடைக்கிறது.

இனி, தீர்ப்பின் பக்கம் வருவோம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை என முடிவு செய்தது. இவ்வடிப்படையில், உரிமமின்றி நகலெடுத்த மென்பொருளில் மார்க்க நூல்களைத் தட்டச்சு செய்வது முரணன்றோ? லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் இருக்க, வசதியின்மை இதற்கு ஏற்ற காரணமாகாது.

அந்தரங்கம் இன்னும் நுட்பமானது. பிறர் குறைகளைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. 2017 ஆகஸ்ட் 24இல் நம் உச்ச நீதிமன்றமும் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென உறுதி செய்தது. இருந்தும் 2020 நவம்பரில், தொழுகை நேரங்காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியின் இருப்பிடத் தரவுகள் எக்ஸ்-மோடு என்னும் தரகு நிறுவனத்துக்குச் சென்றமை வெளியானது. அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்கள் அதன் வாடிக்கையாளர்களாயிருந்தனர். செய்தி பரவியபின் அத்தொடர்பு முறிக்கப்பட்டது. கிப்லாவை அறியக் கைப்பேசியைத் திறந்தவர் தம் இருப்பிடத்தைப் பிறருக்கு விற்கக் கொடுத்தார் என்றால், இது பொருட்படுத்தாமல் விடத்தக்கதா?

மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடாது. ஆனால் உள்ளே நடப்பதை அறிந்தோர் சோதிக்க வழி கிடைக்கிறது. ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடும் ஜகாத் பெறுவோர் பட்டியலும் இன்று கணினியிலேயே உள்ளன. ஏழைக்கு மறைவாகக் கொடுப்பதைச் சிறப்பித்த மார்க்கம் அவருடைய பெயரை எவர் கையிலும் விட்டுவிட ஒப்பாது. கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்து ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் ஒரே ஒரு கணினியிலேனும் இம்மாற்றத்தைத் தொடங்கி, அப்பட்டியல்களை அதில் பாதுகாக்கலாம். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக.